துணை சொத்தை மறைத்து ஜீவனாம்சத்தைக் குறைத்துவிட்டால் அந்த உத்தரவை மாற்றுவது எப்படி?

விவாகரத்து முடிந்து பணமும் பேசி முடித்தாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிகிறது, 'மாசம் முப்பதாயிரம்தான் வருது' என்று கோர்ட்டில் சொன்னவர் பெயரில் கோவையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, அல்லது தம்பி பெயரில் ஓடும் நிறுவனத்துக்கு உண்மையில் முதலாளியே அவர்தான். உடனே எல்லோரும் கேட்பது 'அப்பீல் போகலாமா' என்றுதான். அதற்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும் உத்தரவு எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதே அதை வைத்துத்தான். தவறான வாசலில் ஒரு வருஷம் நின்றுவிட்டு, 'இந்த அப்பீலே செல்லாது' என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் இங்கே எழுதுவது தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களை மனதில் வைத்து, அதிகமும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ். சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஏறக்குறைய இதே மாதிரி பிரிவுகள் இருக்கின்றன. கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்டம் வேறு, ஆனால் ஆதாரம் தேடுகிற வேலை ஒன்றுதான். வசதிக்காகக் கணவர் மறைத்ததாக எழுதுகிறேன். நல்ல வேலையில் இருந்துகொண்டு 'வருமானமே இல்லை' என்று எழுதிக் கொடுக்கும் மனைவிகளும் உண்டு, அவர்கள் விஷயத்திலும் வழி இதேதான்.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிடுவோம். அமெரிக்க சீரியல் பார்த்துவிட்டு 'சொத்தில் பாதி எனக்கு' என்று வருகிறவர்கள் நிறைய. இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. கோவாவில் மட்டும் கதை வேறு. உங்கள் நகை, சீர், உங்களுக்கென்று கொடுத்த பணம் எல்லாம் ஸ்திரீதனம், அது முழுக்க உங்களுடையது. அவர் சம்பாதித்து அவர் பெயரில் வாங்கிய சொத்து அவருடையது. அப்படியென்றால் அவர் மறைத்த சொத்தைத் தோண்டி எடுத்து என்ன பயன்? ஜீவனாம்சத் தொகையை நிர்ணயிக்கும்போது அவருடைய வருமானம், சொத்து, உங்கள் வருமானம், தேவை, குடும்பம் வாழ்ந்த தரம் இவற்றைத்தான் கோர்ட் பார்க்கிறது. அந்தக் கணக்கில் அவர் பொய் எண்ணைப் போட்டுவிட்டார் என்பதுதான் உங்கள் வழக்கு. 2024 டிசம்பரில் ரிங்கு பாஹேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 12 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், கணவரின் சொத்துக்குச் சமமாகத் தன்னையும் ஆக்கச் சொல்லிக் கேட்கிற போக்கைக் கண்டித்தும் எழுதியது. அதனால் மனுவில் 'அவரிடம் 5 கோடி இருக்கிறது, எனக்கு இரண்டரை' என்று எழுதாதீர்கள். 'இது தெரிந்திருந்தால் அன்று இந்தத் தொகை நிர்ணயமாகி இருக்காது' என்று எழுதுங்கள்.

எந்த உத்தரவுக்கு எந்த வழி

இரண்டு தரப்பும் சண்டை போட்டு, சாட்சி விசாரணை நடந்து, நீதிபதி தொகையை முடிவு செய்திருந்தால் அதற்கு அப்பீல் உண்டு. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 19. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். சென்னை, கோவைப் பக்கத்து வழக்குகள் சென்னையில், மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கம் மதுரைக் கிளையில். கெடு 30 நாள். இந்து திருமணச் சட்டம் 90 நாள் தருகிறதே, எது சரி என்று வக்கீல்களே வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. நீங்கள் அந்த விவாதத்துக்குள் போகாமல் 30 நாளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள், நகல் கைக்கு வர ஆகும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். கெடு தாண்டிவிட்டது, சொத்து விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்றால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும். அப்போது கோர்ட் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: என்றைக்குத் தெரிந்தது, அன்றிலிருந்து இன்றுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

அப்பீலில் புது ஆவணத்தைச் சும்மா நீட்ட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 41, விதி 27-இன் கீழ் கூடுதல் சாட்சியம் ஏற்கச் சொல்லி மனுப் போட வேண்டும். 'எவ்வளவு முயன்றும் விசாரணையின்போது இது எனக்குக் கிடைக்கவில்லை' என்று காட்ட வேண்டும். அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருந்தும் வக்கீல் ஃபைலில் தூங்கிய காகிதமாக இருந்தால் இந்த மனு அடிபடும்.

சரி, இனி கஷ்டமான வகை. மியூச்சுவல் விவாகரத்து, அல்லது சமரச மையத்தில் பேசி முடித்து அதன்படி தீர்ப்பு. நம் ஊரில் பெரும்பாலான பணப் பேச்சு இப்படித்தான் முடிகிறது. சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்று அதே பிரிவு 19 சொல்கிறது. தனியாகச் சிவில் வழக்குப் போட்டு ரத்து செய்யவும் ஆணை 23, விதி 3-ஏ தடை போடுகிறது. மிச்சமிருக்கும் வழி, சமரசத்தைப் பதிவு செய்த அதே கோர்ட்டுக்கே போய், 'என் சம்மதம் மோசடியால் வாங்கப்பட்டது, அந்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்' என்று கேட்பது. இதற்குத் துணையாக எல்லா வக்கீலும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு, நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத். முதலாளிக்காக ஏலத்தில் எடுத்த சொத்தில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர், அந்தப் பத்திரத்தை மறைத்துவிட்டு அதே சொத்தில் பாகம் கேட்டுத் தீர்ப்பாணையும் வாங்கிவிட்டார். முழு உண்மையைச் சொல்லும் கடமை வாதிக்கு இல்லை என்றது உயர் நீதிமன்றம். 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே புரட்டிப் போட்டது: முக்கியமான ஆவணத்தை மறைத்து லாபம் பார்ப்பது எதிர்த்தரப்பை மட்டுமல்ல, கோர்ட்டையே ஏமாற்றுவது, அப்படி வாங்கிய தீர்ப்புக்கு மதிப்பே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல். பல மியூச்சுவல் மனுக்களில் யாரும் சொத்துப் பட்டியலே கொடுப்பதில்லை. '15 லட்சம், ஒரே தவணை, இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்போது அவர் எங்கே பொய் சொன்னார் என்று காட்டுவீர்கள்? மீடியேஷன் மேசையில் 'எனக்கு வீடே இல்லை' என்று அவர் சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சு ரகசியம், அதைக் கொண்டுவந்து கோர்ட்டில் சாட்சியம் ஆக்க முடியாது. அதனால் பழைய காகிதங்களைத் தேடுங்கள்: இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு அவர் போட்ட எதிர் மனு, குடும்ப வன்முறை வழக்கில் கொடுத்த பிரமாணப் பத்திரம், வக்கீல் நோட்டீசுக்கு அனுப்பிய பதில், வாட்ஸ்அப்பில் தொகை பேசும்போது எழுதியவை. எழுத்தில் ஒரு பொய் கிடைத்தால் வழக்கு நிற்கும்.

இந்த மனுப் போடும் முன் இரண்டு விஷயம் யோசித்துக்கொள்ளுங்கள். சமரசத்தை மொத்தமாக ரத்து செய்யக் கேட்டால் விவாகரத்தும் சேர்ந்து ஆட்டம் காணலாம். மறுமணம் ஆகியிருந்தால் இது விளையாட்டு இல்லை. பண ஷரத்தை மட்டும் திறக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் முதலில் பேசுங்கள். அடுத்து, வாங்கிய பணத்தை என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்பார். 'கூடுதலாக வரும் தொகையில் கழித்துக்கொள்ளலாம்' என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

கெடு? மோசடி விஷயத்தில் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 17 உதவுகிறது, மோசடி தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் ஓடும். 3 வருஷம் என்பதை வெளிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தெரிந்த மாதமே போனால்தான் நம்புவார்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோக் அதாலத்தில் முடிந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 144-இல் குடும்ப நீதிமன்றம் போட்ட மாதாந்திர ஜீவனாம்சம் என்றால் அப்பீல் இல்லை, 90 நாளுக்குள் சீராய்வு மனு. பின்னால் நிலைமை மாறினால் பிரிவு 146-இல் தொகையைக் கூட்டக் கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட். தீர்ப்பின்போது நிரந்தர ஜீவனாம்சமே கேட்காமல் விட்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் பிரிவு 25 'அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும்' கேட்கலாம் என்கிறது, அப்பீல் தலைவலியே இல்லாமல் புது மனுவாகப் போடலாம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் தொகையை மாற்றவும் இடம் இருக்கிறது, ஆனால் அது உத்தரவுக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றத்துக்கு. அன்றே இருந்து மறைக்கப்பட்ட சொத்தை அதில் நுழைத்தால் 'இது புது மாற்றம் இல்லையே' என்று எதிர்த்தரப்பு சுலபமாக மடக்கும்.

ஆதாரம் தேடுவது

வக்கீல் செலவை விட இங்கேதான் நேரம் போட வேண்டும். நேரம் போட்டவர்களுக்கும் சந்தேகத்தை மட்டும் கொண்டுவருகிறவர்களுக்கும் கோர்ட்டில் கிடைக்கிற மரியாதையே வேறு.

தொடங்க வேண்டியது அவருடைய சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தில். 2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டு, அதற்குப் படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. சம்பளம், வங்கிக் கணக்கு, டெபாசிட், ஷேர், இன்சூரன்ஸ், நகை, வண்டி, நிலம் எல்லாம் அதில் கேட்கப்படுகிறது. உங்கள் வழக்கில் அவர் இதைத் தாக்கல் செய்தாரா என்று பாருங்கள். செய்யவே இல்லை, கோர்ட்டும் கேட்கவில்லை என்றால் அதுவே அப்பீலுக்கு ஒரு நல்ல காரணம். செய்திருந்தால் ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். எந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார், எதைக் காலியாக விட்டார்.

அப்புறம் அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட். பெரிய தொகைகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் சின்னத் தொகைகளைப் பாருங்கள். லாக்கர் வாடகை என்று ஒரு டெபிட் இருந்தால் லாக்கர் இருக்கிறது. மாதாமாதம் ஒரே தேதியில் போகும் 5,000 ரூபாய் எஸ்ஐபி-யாக, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் போடும் மாதத் தவணையாக இருக்கும். சொல்லாத வீட்டுக்குச் சொத்து வரி, இரண்டாவது மின் இணைப்புக்குக் கரன்ட் பில், ஆண்டுக்கு ஒரு முறை இன்சூரன்ஸ் பிரீமியம், இவை எல்லாம் சொத்தைக் காட்டிக் கொடுக்கும் வரிகள். தலைகீழாகவும் பாருங்கள்: மளிகை, பெட்ரோல், கிரெடிட் கார்டு பில் எதுவுமே இந்தக் கணக்கிலிருந்து போகவில்லை என்றால் அவர் வேறு ஒரு கணக்கில் வாழ்கிறார் என்று அர்த்தம்.

நிலம், வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண், கிராமம் தெரிந்தால் நீங்களே எடுக்கலாம். எண் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும் என்றால், பதிவுச் சட்டம் பிரிவு 57-இன்படி முதல் புத்தகத்தின் (அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் ஏடு) அட்டவணைகளைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அவர் ஊர், அவர் அம்மா ஊர், ஆபீஸ் இருக்கும் பகுதி என்று எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்று ஊகித்துப் போங்கள். வில்லங்கத்தில் குறிப்பாகத் தேட வேண்டியது, நோட்டீஸ் வந்த தேதிக்கு அக்கம்பக்கமாக அம்மாவுக்கோ அண்ணனுக்கோ எழுதிய தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பவர். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் நடக்கும் காரியம் இதுதான். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தாள் செலவும் குறைவு என்பதால் நிறையப் பேர் தயங்குவதில்லை.

வியாபாரம் செய்கிறவர் என்றால் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அவர் எந்தெந்தக் கம்பெனியில் இயக்குநர் என்று பார்க்கலாம், 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆண்டறிக்கைகளும் திறக்கும், பங்கு யாரிடம் எத்தனை என்பது அங்கே தெரியும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால் அந்தப் பானில் எடுத்த பதிவுகள் வரும். அவர் பான் எண் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், பழைய எல்ஐசி பாலிசியிலோ வீட்டுக் கடன் காகிதத்திலோ இருக்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட வலுவான ஆதாரம் கடன் விண்ணப்பம். கோர்ட்டில் ஏழையாக நிற்கிற அதே மனிதர் பேங்கில் பணக்காரராக உட்கார்ந்திருப்பார். கார் லோனுக்கோ வீட்டு லோனுக்கோ அவர் கையெழுத்துப் போட்டுக் காட்டிய வருமானம், அவர் பிரமாணப் பத்திரத்தில் எழுதிய வருமானத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் அதற்கு மேல் வாதம் எதற்கு? மேட்ரிமோனி தளத்தில் மறுமணத்துக்குப் போட்ட ப்ரொஃபைலில் ஆண்டு வருமானம் எழுதியிருப்பார், அதையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தனியாக அதற்குப் பெரிய மதிப்பு இல்லை, கடன் விண்ணப்பத்தோடு சேர்ந்தால் உண்டு.

வருமான வரி விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்று பலர் சொல்வார்கள். ரிட்டர்ன் தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றமே கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் சொல்லிவிட்டதால் அந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கோர்ட் மூலமாகக் கேளுங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த வருஷத்து ஐடி ரிட்டர்ன், ஏஐஎஸ் என்று குறிப்பாக எழுதி, ஆவணங்களை வரவழைக்க மனுப் போடுங்கள். ஏஐஎஸ் என்பது வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்பனை, சொத்து வாங்கியது எல்லாம் வருமான வரித்துறை தானே திரட்டி வைத்திருக்கும் பட்டியல், ரிட்டர்னில் அவர் எழுதாததும் அதில் இருக்கலாம். 'எல்லா வங்கியிலும் விசாரியுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் மனு தள்ளுபடி ஆகும்.

செய்யக் கூடாதது ஒன்று. அவர் நெட்பேங்கிங்கில் நுழைவது, மெயிலைத் திறப்பது, போனில் ஆப் போடுவது எல்லாம் உங்கள் மேலேயே கேஸ் ஆகும். ரகசியமாக எடுத்த போன் பதிவைத் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், அது தம்பதிக்குள் நடந்த பேச்சைப் பற்றியது. அதை வைத்து அவர் கணக்கை ஹேக் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மின்னணு ஆதாரமானாலும் சாட்சியச் சட்டப்படி சான்று இணைக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

நீளமான குடும்பக் கதை வேண்டாம். அந்தச் சொத்து உத்தரவு வந்த தேதியில் அவர் வசம் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை அல்லது மறுத்தார். உங்களுக்கு அது தெரிய வழி இருக்கவில்லை, இன்ன தேதியில் இன்ன வகையில் தெரிந்தது. தெரிந்திருந்தால் தொகை மாறியிருக்கும். இந்த வரிசையில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆவணம். தொகை மாறியிருக்கும் என்பதைக் காட்டுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதம் 2 லட்சம் சம்பாதிக்கும் ஒருவர் 80,000 ரூபாய் டெபாசிட்டை எழுதாமல் விட்டார் என்பதற்காக எந்தக் கோர்ட்டும் தீர்ப்பைத் திறக்காது.

அதோடு சேர்த்து, வழக்கு முடியும்வரை அந்தச் சொத்தை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். ஏற்கெனவே அம்மா பெயருக்குப் போய்விட்டதா? சொத்துரிமை மாற்றச் சட்டம் பிரிவு 39 தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள்: அந்தச் சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கும்போது அதை இலவசமாக வேறொருவருக்கு மாற்றினால், வாங்கியவர் மேலும் அந்த உரிமையைச் செலுத்தலாம் என்கிறது அது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு, உயர் நீதிமன்றத்திலும் அதற்கான குழு இருக்கிறது.

பொய்ச் சத்தியத்துக்குத் தனி மனுவும் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 340, இப்போது பிஎன்எஸ்எஸ் பிரிவு 379. பொய் பிரமாணப் பத்திரம் நிரூபணமானால் 7 வருஷம்வரை தண்டனைக்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் ஜெயிலுக்குப் போனவர்கள் அபூர்வம், அதனால் பழி வாங்கும் ஆசையில் இதைப் பிரதான வழக்காக ஆக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் அரசு வேலையிலோ பெரிய கம்பெனியிலோ இருப்பவர் இந்த மனுவின் நகலைப் பார்த்ததும் பேச வருவார்.

பேச வந்தால் பேசுங்கள், தப்பில்லை. இந்த முறை ஒப்பந்தத்தில் அவருடைய சொத்துப் பட்டியலை அட்டவணையாகச் சேர்த்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குங்கள். 'இந்த அட்டவணையில் இல்லாத சொத்து எதுவும் எனக்கு இல்லை, இதை நம்பியே எதிர்த்தரப்பு இந்தத் தொகைக்குச் சம்மதிக்கிறார், வேறு சொத்து தெரிய வந்தால் பண ஷரத்தைத் திறக்கச் சம்மதம்' என்ற வரி அதில் இருக்க வேண்டும். பணம் டிடி-யாக, வழக்கை வாபஸ் வாங்கும் அன்று நீதிபதி முன்னால் கைக்கு வர வேண்டும். பின்தேதியிட்ட செக் வேண்டாம்.